ஆலாக்கள் ஓய்வில் உள்ளன

கழிமுகத்தின் வடக்குக் கரையில் பதினேழு ஆலாப் பறவைகள் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவர் பஞ்சர் அண்ணன். பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி அந்த உயிர்களுக்காக ஒரு நிமிஷம் நின்றது. இரண்டாவது காரியம், சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தது. முதல் காரியத்தால் யாருக்கும் எந்தச் சிக்கலும் வரவில்லை.

அவருக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. ஒன்பது வருஷமாக, கடை திறப்பதற்கு முன்னால் கரையோரம் ஒரு நடை நடந்து, கண்ணில் படும் பறவை, ஆமை, டால்பின் எல்லாவற்றையும் எழுதிக் கடலோர உயிரினக் காட்சிப் பதிவு மையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். அதற்குச் சம்பளம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தொப்பி கொடுப்பார்கள். ஒன்பது தொப்பியும் கடைச் சுவரில் வரிசையாகத் தொங்கின.

அந்த மையம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் கழிமுகத் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி ஆனது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ பாசி என்றார்கள். முதலில் பறவைகள் செத்தன. ஒரு வாரம் கழித்து, சேற்றுத்திட்டில் மட்டிச் சிப்பி எடுத்துத் தின்றவர்கள் செத்தார்கள். முதலில் உதடு மரக்கும், பிறகு விரல், கடைசியில் மூச்சு. பறவைகள் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போயிருக்கின்றன, கேட்கத்தான் ஆளில்லை என்று ஊரே வருந்தியது. கேட்பதற்கென்றே மையத்தைத் தொடங்கினார்கள். மையத்தின் பதிவு வந்தால்தான் சேற்றுத்திட்டை மூடலாம், வேறு யாரும் மூடக் கூடாது என்று சட்டமும் போட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு அறை, ஒரு நோட்டு. இப்போது மூன்று மாடி, நான்கு துணைக்குழு, வாசலில் சிமெண்டில் செய்த பறவை. அந்தச் சிமெண்டுப் பறவைக்கு வருஷம் தவறாமல் வெள்ளையடித்தார்கள்.

மூன்றாம் நாள் அண்ணனின் படிவம் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில், 'முழுமையற்றது.'

அண்ணன் கடையைச் சாத்திவிட்டு மையத்துக்குப் போனார். பதிவு அலுவலர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பியும் வைத்தார்.

"இங்க பாருங்க, எட்டாவது கட்டம். நடத்தை. பறத்தல், நீந்துதல், இரை தேடுதல், இறகு கோதுதல், கூடு கட்டுதல், சண்டை, ஓய்வு. ஏழு இருக்கு. நீங்க எதையும் டிக் பண்ணாம, ஓரத்துல 'செத்துக் கிடக்கின்றன'ன்னு எழுதியிருக்கீங்க."

"செத்துத்தாங்க கிடக்குது."

"நான் இல்லேன்னு சொல்லல. ஆனா சாவு ஒரு நடத்தை இல்லையே. நடத்தைன்னா பறவை ஏதாவது செய்யணும். இது என்ன செஞ்சுது?"

"செத்துச்சு."

"அது நீங்க வர்றதுக்கு முன்னாடி. நீங்க பாக்கும்போது என்ன செஞ்சிட்டிருந்துச்சு?"

அண்ணன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "ஒண்ணும் செய்யலைங்க."

"அப்ப ஓய்வு."

"ஓய்வுன்னா திரும்ப எழுந்திருக்கணும்ல, ஐயா?"

"எழுந்திருக்காதுன்னு எவ்வளவு நேரம் பாத்து முடிவு பண்ணீங்க?"

"ஒரு கால் மணி நேரம் நின்னேன்."

அலுவலர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ஒன்பது வருஷ அனுபவம். கால் மணி நேரத்துல ஒரு உயிரோட கதையை முடிச்சிட்டீங்களே, நியாயமா இது?"

அண்ணனுக்குக் குற்ற உணர்ச்சியே வந்துவிட்டது. கையோடு கொண்டு வந்திருந்த துணிப்பையை மெதுவாக மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு ஆலா. கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. வாசனை அறை முழுக்கப் பரவியது.

அலுவலர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "தொட்டீங்களா?"

"தொடாம எப்படிங்க கொண்டு வர்றது?"

"போச்சு. பறவையைத் தொட்டவர் பார்வையாளர் ஆக மாட்டார், குறுக்கீட்டாளர். விதி பன்னிரண்டு. ஓய்வுல இருந்த பறவையை இடம் மாத்தியிருக்கீங்க!"

அன்று மாலைக்குள் அவரை முதல்நிலைப் பார்வையாளரிலிருந்து மூன்றாம்நிலைக்கு இறக்கிவிட்டார்கள். இரண்டு நாள் மறுபயிற்சிக்கும் உத்தரவு வந்தது. மறுபயிற்சியில் ஓய்வின் வகைகளைப் படம் போட்டுக் காட்டினார்கள். நின்றபடி ஓய்வு, அமர்ந்தபடி ஓய்வு, தலை செருகிய ஓய்வு. கால் மேலே தூக்கி, கண் திறந்தபடி, ஈ மொய்க்க இருப்பதற்கு 'ஆழ்ந்த ஓய்வு' என்று பெயர். இந்த வருஷம்தான் புதிதாகச் சேர்த்தார்களாம். தேவை இருந்தது என்றார் பயிற்சியாளர்.

இந்தப் பதிவுக்கு அண்ணன் ஏன் இப்படி அலைந்தார் என்றால், அவருடைய தங்கச்சி மட்டி எடுக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். நீர் இறங்கும் நேரம் பார்த்துச் சேற்றுத்திட்டில் இறங்குவாள், முழங்கால் புதைய நடப்பாள், நீர் ஏறுவதற்குள் ஒரு கூடை நிரப்பிவிடுவாள். கூடவே பக்கத்து வீட்டுச் சிரிப்பக்கா. அவள் உண்மைப் பெயர் அவள் மாமியாருக்கே மறந்துபோயிருந்தது. எதற்கும் சிரிப்பாள். சேற்றில் விழுந்தாலும் சிரிப்பாள், விழாதவர்களைப் பார்த்தும் சிரிப்பாள்.

"சேத்துல இறங்காத, தண்ணி செவக்குது, சரியில்ல" என்றார் அண்ணன்.

"யாரு சொன்னா?"

"ஆலா சொல்லுது."

"உங்க அண்ணன்கிட்ட ஆலா பேசுதாம்டி" என்று கூடையைக் கழுவிக்கொண்டே சிரிப்பக்கா சிரித்தாள். "எங்ககிட்ட ஏன் பேச மாட்டேங்குது? நாங்க தொப்பி போடலேன்னா?"

தங்கச்சி சிரிக்கவில்லை. "போர்டு போட்டாங்களா, அண்ணே?"

"இன்னும் போடல."

"அப்ப எப்படி நிறுத்துறது? ஆபத்துன்னா மையம் போர்டு போடும்னு சின்ன வயசுலேர்ந்து நீதான் சொல்லிட்டிருக்க. போர்டு இல்ல. வாங்குறவனும் வாங்குறான். நாங்க என்னத்தைக் கண்டோம்?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "உதடு லேசா மரத்த மாதிரி இருக்கு. காலையில தண்ணி ஜில்லுனு இருந்துச்சுல்ல, அதான்."

அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு, போர்டு வரும்வரை இறங்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். அவளும் செய்தாள். ஆனால் அன்று எடுத்த மட்டி அடுப்பில் இருந்தது. தூக்கிப் போட மனசு வராமல், சாயங்காலம் அவளும் சிரிப்பக்காவும் ஆளுக்குப் பாதி சாப்பிட்டார்கள்.

மறுநாள் மையத்தின் ஆண்டு விழா. ஊர் மண்டபத்தில் நாற்காலி போட்டு, வாசலில் பன்னீர் தெளித்து வைத்திருந்தார்கள். மூன்றாம்நிலைப் பார்வையாளர்களுக்குக் கடைசி வரிசை. அண்ணன் அங்கே உட்கார்ந்து, எப்போது எழுந்து பேசலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். அவருக்கு இளகிய மனசு. பேசும்போது கண் கலங்கும்.

"நண்பர்களே! நான் பதவிக்கு வந்தப்போ நம்ம கடற்கரையில ஓய்வெடுக்கும் பறவைகள் வெறும் நாற்பது. இந்த மாதம் எழுநூற்றுப் பன்னிரண்டு! இது எதனால? பறவைக்கு நம்ம மேல நம்பிக்கை வந்திருக்கு. முன்னெல்லாம் மனுஷனைப் பாத்தா பறந்துடும். இப்போ பக்கத்துல போனாக்கூட அசைய மாட்டேங்குது. நானே போய்ப் பாத்தேன். காலால லேசா தட்டியும் பாத்தேன். அசையலை! அவ்வளவு நிம்மதி!"

கைதட்டல்.

"சிலர் கேக்குறாங்க, பறத்தல் ஏன் குறைஞ்சிருக்குன்னு. நான் கேக்கிறேன், வசதியா இருக்கிறவன் எதுக்குப் பறக்கணும்? வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து, இங்க ஏதோ தப்பா இருக்குன்னு எழுதிக் கொடுத்துச்சு. அதை நாங்க மறைக்கல. அழகா பைண்டு போட்டு நூலகத்துல வெச்சிருக்கோம். நூலகத்தை அடுத்த வருஷம் திறக்கப் போறோம்."

மறுபடியும் கைதட்டல். அண்ணன் எழுந்து நின்றார். அதைப் பார்த்த தலைவர் முகம் மலர்ந்து, "இதோ நிக்கிறாரே, இந்த எழுநூற்றுப் பன்னிரண்டுல முதல் பதினேழைக் கண்டுபிடிச்சவர் இவர்தான்!" என்று மேடைக்கு அழைத்தார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. கையில் சான்றிதழ். போட்டோ எடுப்பவர் சிரிக்கச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் மண்டப வாசலில் தெருக்காரர் ஒருவர் வந்து நின்று கையைக் காட்டி அழைத்தார். அண்ணன் மாலையோடே ஓடினார்.

சிரிப்பக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டிருந்தது. தங்கச்சியை உள்ளே வைத்துக் குழாய் செருகியிருந்தார்கள். டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. நான்காம் நாள் தங்கச்சி தானாக மூச்சு விட்டாள். விரல் மட்டும் இன்னும் மரத்தே இருந்தது.

"பொழைச்சிட்டாங்க" என்றாள் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு. தண்ணி தெளியற வரைக்கும் அந்தச் சேத்துலேர்ந்து ஒரு மட்டியை யாரும் வாயில வைக்கக் கூடாது. மூணு வாரமாவது ஆகும். எனக்குத் திட்டை மூடுற அதிகாரம் இல்ல, ஐயா. எழுதியனுப்பிட்டேன். மையத்தோட பதிவு இருக்கான்னு கேட்டு எனக்கே திருப்பி அனுப்பிட்டாங்க."

சிரிப்பக்காவின் இறப்புச் சான்றில் 'மூச்சுத் தடை' என்று மட்டும் இருந்தது. ஐந்து நாள் பெண்கள் யாரும் சேற்றில் இறங்கவில்லை. ஆறாம் நாள், அவளுக்கு நெஞ்சுக் கோளாறு முன்னாலேயே இருந்ததாம் என்று யாரோ சொன்னார்கள். ஏழாம் நாள் இரண்டு பேர் கூடையை எடுத்தார்கள்.

அண்ணன் மறுபடியும் மையத்துக்குப் போனார். அலுவலர் எழுந்து நின்று இரங்கல் சொன்னார். நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மனிதர்கள் மையத்தின் இனப் பட்டியலில் இல்லை என்று விளக்கினார்.

அண்ணன் வெளியே வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்தார். படிவங்களை டைப் அடிக்கும் அம்மா ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். தம்ளரை வாங்கும்போது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

"எட்டாவது கட்டத்தோட ஏன் மல்லுக்கட்டுறீங்க? பதினாலாவதைப் பாருங்க."

பதினான்காவது கட்டம்: 'ஓய்வெடுக்கும் பறவைகளுக்கு மனித இடையூறு உண்டா?'

"அதை டிக் பண்ணி வந்தா அன்னிக்கே தலைவர் மேஜைக்குப் போகணும். அவருக்கு அந்த எழுநூற்றுச் சொச்சம்னா உசுரு."

"அதுங்க ஓய்வெடுக்கலையேம்மா. நான் எப்படி அப்படி எழுதறது?"

அம்மா தம்ளரின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அண்ணன் ஒன்பது வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. பத்து நாரையைப் பார்த்து, பத்தாவதைச் சரியாகப் பார்க்காவிட்டால் ஒன்பது என்றுதான் எழுதுவார். அன்று கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். 'ஆலா. எழுபது. ஆழ்ந்த ஓய்வு. மட்டி எடுப்போர் நடமாட்டத்தால் தூக்கம் கெடுகிறது.' கையெழுத்துப் போடும்போது கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். கடவுள் ஒன்றும் சொல்லவில்லை. மையம்தான் உடனே பதில் சொன்னது.

மறுநாள் பொழுது உச்சிக்கு வருவதற்குள் கயிறு கட்டியாயிற்று. காவலுக்கு இரண்டு பேர் வந்தாயிற்று. ஆள் உயரத்துக்கு ஒரு பலகை.

'ஆலாக்கள் ஓய்வில் உள்ளன. சேற்றுத்திட்டில் இறங்காதீர். இருநூறு அடிக்குள் வராதீர். உரக்கப் பேசாதீர்.'

பெண்கள் பலகையின் எதிரில் நின்று உரக்கப் பேசினார்கள். பஞ்சர் ஒட்டுகிறவன் எங்கள் பிழைப்பில் ஓட்டை போட்டுவிட்டானே என்றார்கள். அண்ணன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த தங்கச்சியிடம் சொல்லப் போனார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"சிரிப்பக்கா செத்ததுக்கு வராத போர்டு, தூங்குற பறவைக்கு வந்திருச்சு" என்றாள். "அவ பேரையாவது அதுல ஒரு மூலையில எழுதச் சொல்லியிருக்கலாம்ல, அண்ணே?"

அதற்கப்புறம் அவரிடம் பேசவில்லை. சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

பலகை வந்து பத்தாம் நாள் டைப் அடிக்கும் அம்மா கடைக்கு வந்தாள். சைக்கிள் கொண்டுவரவில்லை.

"வெள்ளிக்கிழமை அலுவலர் கணக்கெடுக்க வர்றார். ஓய்வுல அம்பதுக்குக் கீழ இருந்தா, பாதுகாப்பு தேவையில்லேன்னு போர்டை எடுத்துடுவாங்க. விதி."

அண்ணன் ஓடிப்போய்ப் பார்த்தார். தண்ணீர் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் திட்டில் பறவையே இல்லை. பாதியை நீர் கொண்டுபோயிருந்தது, மீதியை நாய்கள். புதிதாகச் சாவதற்கு அந்தப் பக்கம் ஆலாவே மிச்சமில்லை போலிருந்தது.

இரண்டு நாள் சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு கரையின் நீளத்துக்கும் அலைந்தார். பாறை இடுக்கு, படகுத்துறை, உப்புத்தண்ணீர் வாய்க்கால். ஒன்பது கிடைத்தது. ஒவ்வொன்றையும் கடல்நீரில் கழுவினார், இறக்கையை ஒடுக்கி வைத்தார், ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டு திட்டின் ஓரத்தில் நிறுத்தினார். கையால் தொட்டது விதி பன்னிரண்டின்படி குற்றம் என்பது ஞாபகம் இருந்தது. காவலுக்கு இருந்த இரண்டு பேரும் அந்த நேரம் பார்த்துக் கடலின் அழகை ரசித்தார்கள். அவர்கள் வீட்டிலும் மட்டி சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள்.

ஒன்பதுதான். வெள்ளிக்கிழமை விடிந்ததும், அலுவலரின் காலில் விழுந்தாவது ஒரு வாரம் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு அண்ணன் கரைக்கு வந்தார்.

திட்டு முழுக்க வெள்ளையாக இருந்தது.

தங்கச்சி சேற்றில் மண்டியிட்டிருந்தாள். கூட நான்கு பெண்கள். அவரைத் திட்டிய அதே பெண்கள். வெள்ளிக்கிழமைக் கணக்கையும் அந்தப் பலகை எதற்கென்பதையும் டைப் அடிக்கும் அம்மா அவர்கள் வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருந்தாள். வெள்ளைத் துணியைக் கிழித்து, உள்ளே வைக்கோல் வைத்து, நூலால் கட்டி, தலைக்குக் கரி தடவியிருந்தார்கள். தங்கச்சிக்கு விரல் இன்னும் மடங்கவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"என்ன துணி இது?" என்றார் அண்ணன்.

"சிரிப்பக்கா படுக்கை விரிப்பு" என்றாள் ஒரு பெண். "அவ மாமியாதான் கொடுத்துச்சு. ரெண்டு விரிப்பு. கெழவி தானே கிழிச்சும் கொடுத்துச்சு."

தங்கச்சி நிமிராமல் கையை நீட்டினாள். "சும்மா நிக்காத. அந்தக் கடைசி வரிசையைக் காத்துக்கு எதிரா திருப்பி வை. ஆலா அப்படித்தான் உக்காரும்னு நீதான் சொல்லுவ." பன்னிரண்டு நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அலுவலர் ஒன்பது மணிக்கு வந்தார். இருநூறு அடி விதியை எழுதியவரே அவர்தான், ஆகவே அதைத் தாண்டி ஒரு அடிகூட முன்னால் போகவில்லை. கயிற்றருகே நின்று தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து விரலை மடக்கி மடக்கி எண்ணினார். பெண்கள் கரையில் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். உரக்கப் பேசவில்லை.

"அறுபத்திரண்டு!" என்றார். "தலையைக்கூடத் தூக்கல பாருங்க. ஆழ்ந்த ஓய்வு." படிவத்தை அண்ணனிடம் நீட்டினார். "சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் பேனாவை வாங்கினார். மை காயும் அளவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கச்சி அவர் முழங்கையை லேசாகத் தொட்டாள். போட்டார்.

"பாத்தியாம்மா" என்று அலுவலர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க எல்லாம் இறங்காம இருந்தா எவ்வளவு நிம்மதியா இருக்குதுங்க!"

"ஆமாங்க" என்றாள் தங்கச்சி.

அப்போது ஒரு காற்று வீசியது. நடு வரிசையில் ஒன்றின் துணி விளிம்பு அவிழ்ந்து எழுந்து படபடத்தது. பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அலுவலர் அவசரமாகத் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். வெகு நேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் முகம் பிரகாசமாக இருந்தது. படிவத்தை அண்ணன் கையிலிருந்து பிடுங்கி அடித்து எழுதினார். ஓய்வு: அறுபத்தொன்று. பறத்தல், முயற்சி: ஒன்று.

"தொந்தரவு பண்ணாம விட்டா நாளைக்கு இது பறந்துடும்" என்றார், குரல் தழுதழுக்க.

தங்கச்சி அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பறக்கட்டுங்க" என்றாள். "ஆனா தண்ணி தெளிஞ்சப்புறம் பறக்கட்டும்."